பேட்டரி போடாத கிட்டார்

"வந்துடுச்சுய்யா! மறுபடியும் வந்துடுச்சு!"

ஓட்டல் மேனேஜர் நுனிக்காலில் ஓடி வந்தார். கையில் ஏதோ ஒரு மேஜைக்குப் போகவேண்டிய சூப். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிட்டார்காரரின் காலடியிலேயே வைத்தார். பத்துப் பேர் சாப்பிடுகிற கூடத்தில் கத்தவும் முடியாது, கத்தாமல் இருக்கவும் முடியாது. அதனால் அவர் ரகசியக் குரலில் கத்தினார்.

கிட்டார்காரர் வாசிப்பதை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

"ஒண்ணும் கேக்கலியே சார்?"

"இப்ப எப்படிக் கேக்கும்? நீ வாசிச்சாத்தானே வருது. வாசி, பாப்போம்!"

வாசித்தார். பாட்டு இரண்டாவது வரிக்குப் போவதற்குள் ஆம்பிளிஃபயர் இருந்த மூலையிலிருந்து "ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல் கிளம்பியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது, அந்த ரகம்.

"கேட்டியா? மலை ஏறற லாரி மாதிரி! இது முதலாளியம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

தெரியும். அந்த ஓட்டலில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு கதவு கிறீச்சென்றது என்பதற்காக முதலாளியம்மா கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லவில்லை. கதவையே மாற்றினார். கதவைப் போட்ட தச்சரையும் மாற்றினார். முன்னால் அங்கே பியானோ வாசித்தவர் ஒரு சாயங்காலம் இரண்டு தடவை தும்மினாராம். மூன்றாவது தும்மலை அவர் வீட்டுக்குப் போய்த்தான் தும்மினாராம். அந்தம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை, யாரையாவது பாராட்டிக் கேட்டதும் இல்லை. சாயங்காலமானால் கூடத்தை ஒட்டியிருந்த தன் அறையில் உட்கார்ந்துகொள்வார். கழுவி வந்த ஸ்பூன்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கறை தெரிந்தால் மணி அடிப்பார். மணி அடித்தால் வேலையாட்களில் யாரோ ஒருவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கூப்பிடாமல் அந்த அறைக்குள் ஒரு ஈ கூடப் போனதில்லை.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா அந்தம்மா உன்னை அனுப்பறதுக்குள்ள நானே அனுப்பிடுவேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குய்யா" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சூப்பை எடுத்துக்கொண்டு போனார். அது ஆறிப்போயிருந்தது. அதற்கும் கிட்டார்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

கிட்டார்காரருக்கு இந்த வேலை போகக்கூடாது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு டைல்ஸ் கடையில் இருந்தவர். காலையிலிருந்து ராத்திரி வரை டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்து, "இது விரிசல், இது நல்லது" என்று பிரித்துக் கொடுப்பதுதான் வேலை. அப்படி இருந்தவருக்கு, சாயங்காலம் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்து கிட்டார் வாசித்தால் சம்பளம் தருகிறோம் என்று ஒரு இடம் கிடைத்தால் எப்படி இருக்கும்? இப்போதும் அந்த டைல்ஸ் கடைக்காரர் வழியில் பார்த்தால், "உன் ஸ்டூலை இன்னும் யாருக்கும் குடுக்கலப்பா" என்பார். அன்பாகத்தான் சொல்வார். கிட்டார்காரருக்கு அந்த ஸ்டூலை நினைத்தாலே இடுப்பு வலிக்கும்.

கிட்டாரில் தப்பிருக்கும் என்று மட்டும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அது எப்படிப்பட்ட கிட்டார் என்று சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். தந்தி அதிர்வதைக் கேட்டு ஆம்பிளிஃபயருக்குச் சொல்கிற காது அது. இவருடைய கிட்டாரில் இருந்தது பாசிவ் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, வேறு ஜிகினா வேலை எதுவும் கிடையாது. ஆனால் என்ன காது அது! விரல் தந்தியைத் தொடப்போகிறதா, தடவப்போகிறதா, சுண்டப்போகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். மெல்லத் தொட்டால் குழையும், அழுத்தித் தொட்டால் கணீரென்று பதில் சொல்லும். வாசிக்கிறவர் மனசு சரியில்லாத நாளில் அதுவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு குறை. அந்தக் காதுக்கு வேண்டியது, வேண்டாதது தெரியாது. ட்யூப்லைட், ஃப்ரிட்ஜ், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் என்று பக்கத்தில் கரண்ட்டில் ஓடுகிற எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டு ஆம்பிளிஃபயரில் முணுமுணுக்கும். அதற்கு ஒரு வித்தை உண்டு. கிட்டாரோடு அப்படியே மெல்லத் திரும்பிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு திசையில் முணுமுணுப்பு அடங்கும். பாசிவ்காரர்கள் அத்தனை பேருக்கும் இந்தத் திசை பார்க்கிற வியாதி இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் கிட்டார்காரர் அந்த வித்தையில் இறங்கினார். வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார். வாசல் பக்கம் உறுமியது. ஜன்னல் பக்கம் உறுமியது. விருந்தாளிகளுக்கு முழுசாக முதுகைக் காட்டி, சமையலறைக் கதவைப் பார்த்து, கழுத்தை ஒருமாதிரி ஒடித்து உட்கார்ந்தபோது உறுமல் சுத்தமாக நின்றது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று முழுக்க அப்படியே வாசித்தார். கதவு முகத்தில் இடிக்காமல் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், தட்டோடு வருகிறவர்களுக்குக் காலை மடக்கி வழி விடவேண்டும். அதனால் நாலு இடத்தில் சுருதி தப்பியது. போனால் போகிறது, உறுமல் இல்லையே.

ஒரு பெரியவர் மேனேஜரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்த ஆளுக்கு எங்க மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"அப்ப கடன்காரன் யாராச்சும் சாப்பிட வந்திருக்கானா?"

மேனேஜர் நேராகக் கிட்டார்காரரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "நாளைக்கு முகத்தைக் காட்டி வாசிக்கணும். உறுமக்கூடாது. ரெண்டும் வேணும்."

கிட்டார்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவிக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும்படி ஒரு கடைவாய்ப் பல்லை அரிசி முனை அளவுக்குத் தேய்த்துக் கொடுக்கிற கை. அவள் கிட்டாரைப் பிரித்து, உள்ளே இருந்த குழி முழுக்க மெல்லிய செம்புத் தகட்டை ஒட்டினாள். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் உள்ளே புகாமல் அது தடுக்கும். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை. தங்கத்தில் தொட்டி கட்டிய மாதிரி இருந்தது.

"அடிப்பாவி, உன் கைக்கு ஒரு மோதிரம் போடணும்டி."

"இருக்கற வேலையக் காப்பாத்துங்க, அது போதும். வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தார். வழக்கமான முணுமுணுப்புகூடப் பாதியாகக் குறைந்திருந்தது. அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அவர் வாசித்தால் அவளுக்குப் பெருமை பொங்கும். அதை அவரிடம் சொல்லவும் செய்வாள். "இப்படி வாசிக்கறவரை யாராவது அனுப்புவாங்களா? பைத்தியமா அவங்களுக்கு?"

அந்த வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மறுநாள் அவர் ஓட்டலில் வாசித்தார் பாருங்கள், அப்படி ஒரு வாசிப்பு! விருந்தாளிகள் மெல்லுவதைக் கூட மெதுவாக மென்றார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உறுமல் இரண்டு மடங்காக வந்தது.

"நேத்து வரைக்கும் லாரிதான்யா போச்சு. இன்னிக்குப் பின்னாடியே டிராக்டரும் வருது!" மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "நீ சரி பண்ணப் பண்ண ஏன்யா அது ஏறுது?"

"அதான் சார் எனக்கும் புரியல. பாசிவ் பிக்கப் இரைச்சல்னா சும்மா இருக்கும்போதுதான் கேக்கும். வாசிக்க ஆரம்பிச்சா பாட்டுல அமுங்கிடும். இது தலைகீழா இருக்கு. நான் நல்லா வாசிச்சா..."

"எனக்குப் பாடம் எடுக்காதய்யா! நாளன்னிக்குச் சனிக்கிழமை."

இனி மச்சினனைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆகிவிட்டது. கிட்டார்காரருக்கு அதைவிட டைல்ஸ் தட்டுவது மேல். மனைவியின் தம்பிக்குப் பேட்டரிக் கடை. கைக்கடிகார பேட்டரியிலிருந்து லாரி பேட்டரி வரை எல்லாம் விற்பவன். ராத்திரியில் நண்பர்களோடு சேர்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் காட்டுக்கத்தல் கிட்டாரும் வாசிப்பான். அவன் கிட்டாரில் இருப்பது ஆக்டிவ் பிக்கப். மூன்று வருஷமாக இந்த ஒரு விஷயத்துக்காக அவன் அத்தானைப் பிராண்டிக்கொண்டிருந்தான்.

வந்ததும் வராததுமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"நான் அப்பவே சொன்னேன் அத்தான். கேட்டீங்களா? ஆக்டிவ்ல சுத்து கம்மி. அதனால கண்ட இரைச்சலும் உள்ள வராது. சுத்து கம்மியானதால சத்தமும் கம்மியா இருக்கும். அதைத் தூக்கிவிடக் குட்டியா ஒரு ஆம்பிளிஃபயர் பிக்கப்புக்குள்ளயே இருக்கு. அதுக்கு ஒரு பேட்டரி. முடிஞ்சுது. எவ்வளவு நீளமா ஒயர் இழுத்தாலும் சத்தம் மங்காது. மெதுவாத் தொட்டாலும், ஓங்கி அடிச்சாலும் பளிச்சுனு ஒரே அளவா வரும்."

"மெதுவாத் தொட்டா மெதுவா வரணும்டா மாப்ளே. ஒரே அளவா வரதுக்கு நான் எதுக்கு? என் விரல் எதுக்கு?"

"வேலை இருந்தாத்தானே விரல்?"

"நீ பேட்டரி விக்கறவன். அப்படித்தான் சொல்லுவே."

"பேட்டரி ஓசியாவே தரேன் அத்தான், போதுமா? ஆயுசுக்கும் தரேன். எங்கக்கா புருஷன் மறுபடி அந்த ஸ்டூல்ல உக்காரக்கூடாது."

கிட்டார்காரர் கிட்டாரை அவன் பக்கம் நகர்த்தினார். மனைவி பழைய பிக்கப்புகளைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, ஒரு பல்செட் டப்பாவில் வைத்து மூடினாள். மூடும்போது அவளுக்கு முகம் வாடிவிட்டது.

மச்சினன் மாட்டிய வேகத்தில் ஒரு காரியத்தை மறந்தான். பாசிவ் கிட்டாருக்கு ஒரு வகை வால்யூம் குமிழ், ஆக்டிவுக்கு வேறு வகை. பழைய குமிழை அப்படியே விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூலை மேஜையில் ஒரு பையன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயெடுத்தான். அதைப் பார்த்த கிட்டார்காரர், பாவம், இதமாக இருக்கட்டுமே என்று குமிழைக் கொஞ்சம் குறைத்தார். குறையவில்லை. இன்னும் குறைத்தார். குறையவில்லை. மயிரிழை திருப்பினார், பட்டென்று மொத்தமும் அணைந்தது. பதறிப்போய் ஒரு மயிரிழை ஏற்றினார்.

கூடமே அதிர்ந்தது. பையன் தண்ணீர்க் கூஜாவைத் தட்டிவிட்டான். அந்தப் பெண், "சொல்ல வந்ததை வீட்ல சொல்லு" என்று எழுந்து போனாள்.

"கொல்லுய்யா, ஒரேயடியாக் கொன்னுடு!" என்றார் மேனேஜர்.

ஆனால் ஒன்றைக் கவனித்தார். கிட்டார்காரரும் கவனித்தார். இத்தனை அமளியிலும் உறுமல் வரவில்லை.

சனிக்கிழமை மச்சினன் குமிழையும் மாற்றிக் கொடுத்தான். உண்மையைச் சொல்லவேண்டும், ஆக்டிவும் லேசுப்பட்டது இல்லை. வாசிப்பதை நிறுத்தினால் பாழுங்கிணற்றின் அடி மாதிரி அமைதி. வாசித்தால் ஒவ்வொரு ஸ்வரமும் இஸ்திரி போட்ட சட்டையாக வரிசையில் வந்து நின்றது. ஓடுகிற ஃப்ரிட்ஜும் ட்யூப்லைட்டும் அதன் பக்கத்தில் வரப் பயந்தன. கிட்டார்காரரே அசந்துபோய், "நல்லாத்தான்டா இருக்கு மாப்ளே" என்று ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரம் வாசித்தார். உறுமல் இல்லை. இரண்டாவது மணி நேரமும் இல்லை. மேனேஜர் தன் கையாலேயே சூடாக ஒரு சூப் கொண்டுவந்து வைத்தார். "தெய்வம்யா நீ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"எப்படி?"

"சுத்தமா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாது" என்றாள். அப்புறம் பாத்திரம் கழுவப் போனாள். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்து வந்த நாட்களில் ஓட்டலில் வேறு ஒரு சத்தம் கூடியது. மணிச்சத்தம். ஸ்பூனில் கறை என்று ஒரு மணி. ஸ்பூனில் கறை இல்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது என்று ஒரு மணி. மங்கலும் இல்லாத ஸ்பூனுக்கு, ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு மணி. சமையற்காரர் ஒரு நாளைக்கு மூன்று தடவை ராஜினாமா செய்தார். பரிமாறுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.

ஒரு சாயங்காலம் நீளமாக மணி அடித்தது. போனவர் திரும்பி வந்து சொன்னார்: "மேனேஜரையும் கிட்டார்காரரையும் வரச்சொல்றாங்க."

இரண்டு பேரும் போனார்கள். மேனேஜர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். சின்ன அறை. மேஜை மேல் ஸ்பூன் குவியல். முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"உக்காருங்க தம்பி. நேராவே சொல்லிடறேன். அடுத்த மாசத்துலேர்ந்து பாட்டு வேண்டாம்னு பாக்கறேன்."

கிட்டார்காரருக்கு டைல்ஸ் கடை ஸ்டூல் கண்முன் வந்து நின்றது. "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. நீங்க நல்லாத்தான் வாசிக்கறீங்க. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு. முன்னெல்லாம் சாயங்காலம் எப்போ வரும்னு இருக்கும். இப்ப ஏன் வருதுன்னு இருக்கு. ஏன்னு எனக்கே தெரியல. கேக்காத பாட்டுக்கு எதுக்கு ஆள்?"

கிட்டார்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். இவ்வளவு நாள் மூடி மூடி வைத்த வெற்றியைச் சொல்லாமல் போனால் நஷ்டம் என்று பட்டிருக்க வேண்டும்.

"அம்மா, அப்படிச் சொல்லக்கூடாது. இவர் உங்களுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்காரு தெரியுமா? பழைய கிட்டார்ல ஒரு இரைச்சல் இருந்துதும்மா. உங்க காதுல விழாம நாங்க பட்ட பாடு! பாசிவ் பிக்கப்னு ஒரு சனியன். அதைக் கழட்டி எறிஞ்சுட்டு ஆக்டிவ்னு புதுசா போட்டிருக்காரு. இப்ப பாருங்க, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

"இரைச்சலா? இங்கயா? நான் கேக்கவே இல்லியே."

"கேட்டிருக்க மாட்டீங்கம்மா, இந்த மரத்தடுப்பு புண்ணியம். அதுக்கு அந்தப் பக்கம் ஒட்டித்தானே ஆம்பிளிஃபயர் இருக்கு. அதுலேர்ந்து வரும்."

"என்ன மாதிரி இரைச்சல்?"

மேனேஜருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "அதை ஏம்மா கேக்கறீங்க! இவர் வாசிக்க ஆரம்பிச்சா ஆரம்பிக்கும், நிறுத்தினா நிக்கும். நல்லா வாசிச்சா இன்னும் ஜாஸ்தி! 'ம்ம்ம்ம்ம்'னு தொண்டை கட்டின எருமை சேத்துல மாட்டிக்கிட்டு முக்கற மாதிரி! 'ம்ம்ம்ம்ம்ம்'!" என்று கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அச்சு அசலாகச் செய்து காட்டினார்.

முதலாளியம்மா கையில் இருந்த ஸ்பூனை மெதுவாக மேஜையில் வைத்தார். காது நுனி சிவந்திருந்தது. மேனேஜரைப் பார்த்தார். கிட்டார்காரரைப் பார்த்தார். அப்புறம், அந்த ஓட்டலில் யாரும் பார்த்திராதபடி, சிரித்தார்.

"அந்த எருமை நான்தான் தம்பி. நாளைக்குப் பழசையே மாட்டிட்டு வந்துடுங்க, இந்தப் புதுசுக்கு எனக்குச் சேர்ந்து பாடவே வரமாட்டேங்குது."